இரண்டும் இடது கால்

துறைமுகத்துல ஏதோ காகிதம் சரியில்லைன்னு நாப்பத்தி மூணு நாள் மறிச்சுப் போட்டிருந்த கண்டெய்னரு, ஆடிக் காத்து புழுதிய வாரி மூஞ்சில அடிக்கிற ஒரு செவ்வாக்கிழமை எங்க குடோனுக்கு வந்து சேந்துது, அதுல இருந்த செருப்புப் பெட்டியெல்லாம் ரேக்குல ஏறின மூணாவது நாள் ஆட ஆரம்பிச்சுது. ஆடுறதுன்னா, பஸ் வராத ஸ்டாப்புல உக்காந்திருக்கிற ஆம்பிளைக கால் ஆட்டுவாவள்ளா, அப்படி. உக்காந்த எடத்துலயே டக்கு டக்குன்னு ஆடும், செத்த நேரம் நிக்கும், பொறவு மறுபடி ஆடும், பன்னிரண்டாயிரம் பெட்டி சேந்து ஆடினா தகரக் கூரைக்குக் கீழ சத்தம் எப்படி இருக்கும்னு நீங்களே நெனச்சுக்கிடுங்க. ஏன் ஆடுச்சுன்னு என்கிட்ட கேக்காதீங்க. உங்கள ஒரு தகரப் பெட்டிக்குள்ள போட்டு, எங்க போறோம்னு சொல்லாம நாப்பத்தி மூணு நாள் வச்சிருந்தா நீங்க ஆட மாட்டேளா?

என் பேரு பிரம்மசக்தி. தூத்துக்குடி பைபாஸ்ல, உப்பளம் முடிஞ்சு உடைமரக் காடு தொடங்குற எடத்துல இருக்கிற அந்தக் குடோன்ல, மதிப்புக் கூட்டுப் பிரிவுல எனக்கு வேலை. பேரு பெருசு, சோலி இம்புட்டுதான்: கப்பல்ல வந்த பெரிய பெட்டியப் பிரிக்கணும், செருப்ப எடுத்து இடதும் வலதும் ஜோடி பாக்கணும், அளவு ஸ்டிக்கரும் விலை ஸ்டிக்கரும் ஒட்டணும், இலவசமா ஒரு சாவி வளையம் போடணும், சின்னப் பெட்டில வச்சு டேப் அடிச்சு, வாங்கினவங்க விலாசத்த ஒட்டி லாரிக்கு அனுப்பணும். இவ்வளவும் செஞ்சா பொருளோட மதிப்பு கூடிருமாம். எங்க பதினாறு பொம்பளைகளுக்குக் கூடினது இடுப்பு வலிதான்.

பெட்டி ஆட ஆரம்பிச்சதும் மேனேஜரு கோவர்த்தனன் சாரு முதல்ல எலின்னு நெனச்சு எலி மருந்துக்காரரக் கூப்பிட்டாரு, எலி இல்லைன்னதும் பூமி ஆடுதுன்னு நெனச்சு இஞ்சினீயரக் கூப்பிட்டாரு, அந்த இஞ்சினீயரு தரையில ஒரு தம்ளர் தண்ணிய வச்சுக் குந்தவச்சு அரை மணி நேரம் பாத்துட்டு, தரை ஆடல, பெட்டிதான் ஆடுதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. எங்களுக்கு அது முதல் நாளே தெரியும். மூணு நாள் பாத்தோம், நாலாம் நாள் பழகிப் போச்சு. டேப் ஒட்ட விடாம ஆடுற பெட்டிய ரெண்டு தொடைக்கும் நடுவுல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒட்டினோம்.

அப்படி ஒட்டுறப்பதான் எனக்குப் பக்கத்து மேசை ஜெபக்கனிக்குப் பொறுமை போச்சு. அவளுக்கு வாய் நீளம், ஆனா மனசு வெள்ளை. ஆடின பெட்டிய ஒரு தட்டு தட்டி, அதோட விலாசத்தப் பாத்து, "ஏ சவமே, செத்த சும்மாத்தான் கெடயேன். உன்ன என்ன சுடுகாட்டுக்கா அனுப்புதோம்? நீ போறது கோவில்பட்டி, பாரதி நகர், மூணாம் தெரு. பச்ச கேட்டு போட்ட வீடு. வாசல்ல முருங்கை நிக்கும். டீச்சரம்மா ஒருத்தி காலு வெடிச்சு, போட நல்ல செருப்பில்லாம உன்னப் பாத்துக்கிட்டு இருக்கா. போய்ச் சேரு" அப்படின்னு ஏசினா. பெட்டி அந்தானைக்கு நின்னுட்டுது. பால் குடிச்ச பிள்ளை மாதிரி அடங்கிப் போய்க் கெடந்துச்சு.

அன்னையிலேருந்து அதுவே முறையாயிட்டுது. பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி, மடிப்புக்கு நடுவுல ஒரு விரக்கடை இடைவெளி விட்டு, அதுல வாய வச்சு, போற வீட்டச் சொல்லி அனுப்பணும். விலாசத்தப் பாத்தா வாய் தானா ஓடும். பாக்காத ஊரு, பாக்காத வீடு, இருந்தாலும் படி எத்தன, நாய் இருக்கா, அது கடிக்குமா, யாரு கதவத் தொறப்பாங்க, எல்லாம் வரும். எங்க வாய்க்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நாங்களும் கேட்டுக்கிடல. ஒரே ஒரு சட்டம்தான் இருந்துச்சு. சொன்ன வீட்டப் பாத்த பெட்டி அமைதியா இருக்கும், பாக்காத பெட்டி ஆடிக்கிட்டே திரும்பி வரும். விலாசம் இல்லாட்டா வாயும் ஓடாது.

சொல்லி அனுப்பின செருப்பு கடிக்கல, அறுந்து போகல, திருப்பி அனுப்புற ஆளே கொறஞ்சு போச்சு. செருப்புக் கம்பெனிக்காரங்க கார்ல வந்து இறங்கி, எங்க வாயையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அடுத்த மாசமே குக்கர்க் கம்பெனி வந்துது, ஸ்கூல் பை கம்பெனி வந்துது, கோவர்த்தனன் சாரு சேவைப் பட்டியல்ல ஸ்டிக்கர் ஒட்டுதல், ஜோடி சேத்தல், பொதிதல் எல்லாத்துக்கும் கீழ "சொல்லி அனுப்புதல்"னு ஒரு வரி சேத்துட்டாரு. பதினாறு பொம்பளை வாய் பத்தாதுன்னு ஜெபக்கனி குரல மிஷின்ல பிடிச்சு ஸ்பீக்கர்ல போட்டுப் பாத்தாரு. பெட்டியெல்லாம் டேப்பக் கிழிச்சுக்கிட்டு வெளிய விழுந்துது. பொறவு ஸ்பீக்கரக் கழட்டி டீக்கடைக்குக் குடுத்துட்டாரு.

ஊரு இத எடுத்துக்கிட்ட விதம் இருக்கே, அதச் சொல்லணும். எங்க ஊருல கல்யாணம் முடிஞ்சு பொண்ணு காருல ஏறுறதுக்கு முன்னாடி, குடோன்ல வேலை பாக்குற ஒருத்தி போயி அவ காதுல போற வீட்டச் சொல்லணும்னு ஆயிட்டுது. இந்த மாமியா இப்படி, அடுப்படி ஜன்னல் கிழக்கப் பாத்தது, கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பா சரியில்லைன்னு சொல்லச் சொல்லப் பிள்ளை அழுகைய நிப்பாட்டிரும். சென்னைக்குப் படிக்கப் போற பயலுவ ஹாஸ்டல் விலாசத்த நீட்டிக்கிட்டு எங்க கேட்டு வாசல்ல வரிசையில நின்னானுவ. மீன் ஏலக்காரரு மரியதாசு செத்தப்ப, அவரு சம்சாரம் என்னக் கூப்பிட்டு அவரு காதுலயும் சொல்லச் சொன்னா. பங்குச் சாமியாரு முறைச்சாரு. "விலாசம் குடுங்க சாமி, சொல்லுதேன்"னேன். சாமியாரே குனிஞ்சு அவரு காதுல ஏதோ சொன்னாரு. என்ன சொன்னாருன்னு இன்னைக்கு வரைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்.

இப்படி உலகத்துல இருக்கிற செருப்பு, குக்கர், பொணம் எல்லாத்துக்கும் போற எடம் சொல்லியாச்சு, ஒருத்தனுக்கு மட்டும் சொல்ல முடியல. அவன் பேரு புதுராம்.

புதுராம் ஜார்க்கண்டு பக்கத்து ஆளு, எங்க குடோன்ல லோடு தூக்குறவன், நாப்பது வயசு இருக்கும். எட்டு வயசுல எவனோ ஒரு கங்காணி மிட்டாய் வாங்கிக் குடுத்து ரயில்ல ஏத்திக் கொண்டுவந்து செங்கச் சூளையில விட்டுட்டான், அங்கேருந்து ஐஸ் கம்பெனி, அங்கேருந்து கிரானைட்டு, அங்கேருந்து எங்க குடோன். அவனும் அந்தப் பெட்டிக மாதிரிதான், ஒரு எடத்துல நிக்க மாட்டான். சாப்பிடுறது நின்னுக்கிட்டு, டீ குடிக்கிறது நடந்துக்கிட்டு. அவன் உக்காந்து நான் பாத்ததே இல்ல. உக்காரச் சொன்னா, "உக்காந்தா காலு கேக்குது மேடம், எங்க போறது, எங்க போறதுன்னு" அப்படிம்பான். எல்லாரையும் மேடம்னுதான் கூப்பிடுவான், வாட்ச்மேனையும்தான்.

ஊரு பேரு மட்டும் அவனுக்கு ஞாபகம் இருந்துச்சு. மகுவாடோலி. கோவர்த்தனன் சாரு நல்ல மனசோட கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்தாரு, வரிசையா வந்துக்கிட்டே இருந்துச்சு. இலுப்பை மரம் நிக்கிற குடியிருப்புக்கெல்லாம் அங்க அந்தப் பேருதானாம். எத்தன இலுப்பையோ அத்தன ஊரு. "வேற என்னடே ஞாபகம் இருக்கு?"ன்னு சாரு கேட்டாரு.

புதுராம் தலையச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னான். "கிணறு சார். ஒரு பக்கம் வாய் உடைஞ்சது. பலா மரம், ரெண்டு. அப்புறம் அம்மா. வாசலுக்கு வந்தத அம்மா திருப்பி அனுப்பாது. அடுத்த வீட்டுக் கோழி வந்தாலும் சரி, பிச்சைக்காரன் வந்தாலும் சரி, எல்லாம் உள்ள. அப்பா ஏசும். அம்மா அனுப்பாது."

நானும் ஒரு நாள் அவன நிப்பாட்டி அவன் காதுல சொல்லிப் பாத்தேன். விலாசம் இல்லாம வாய் ஓடல. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டுது. அவன் எனக்காகக் கொஞ்ச நேரம் காத்து நின்னுட்டு, "பரவால்ல மேடம்"னு சொல்லிட்டு, தள்ளுவண்டிய இழுத்துக்கிட்டுப் போயிட்டான்.

ஒண்ணு சொல்லிருதேன், மறைச்சு என்ன ஆகப்போகுது. என் வீட்டுக்காரரு உப்பளத்துல வேலை பாத்தவரு, போய்ச் சேந்து ஒம்பது வருசமாச்சு. மகளக் கட்டிக் குடுத்து அவ திருப்பூர்ல இருக்கா. எனக்கு நாப்பத்தி நாலு வயசு. புதுராம் நான் கேக்குறதுக்கு முன்னாடி என் மேசைக்குப் பெட்டி தூக்கி வைப்பான், என் தூக்குவாளியில புளிச்சோறு இருந்தா நின்னுக்கிட்டே பாதி தின்பான், அட்டைப் பெட்டியில அச்சடிச்சிருக்கிறதக் காட்டித் தமிழ் எழுத்து சொல்லித் தரச் சொல்லுவான். அப்படிப் படிச்சவனுக்கு ஒரே ஒரு வரிதான் எழுத வந்துச்சு. "உடையும் பொருள், கவனமாகக் கையாளவும்." அத சுவத்துல எழுதுவான், தள்ளுவண்டில எழுதுவான், ஒரு நாள் என் டிபன் பையிலயும் எழுதிட்டான். ஜெபக்கனி பாத்துட்டு, "ஏட்டி, பைய நெனச்சு எழுதுனானா, உன்ன நெனச்சு எழுதுனானா?"ன்னா. அவள அடிக்க ஓடினேன். ஆனா பைய மாத்தல.

கார்த்திகையில செருப்புக் கம்பெனி வடக்கயும் விக்க ஆரம்பிச்சுது. ஒரு நாள் மத்தியானம் விலாச ஸ்டிக்கர உரிச்ச என் கை அப்படியே நின்னு போச்சு. மகுவாடோலின்னு இருந்துச்சு. யாரோ ஒரு பொம்பளைக்கு ஏழாம் நம்பர் செருப்பு. ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு மகுவாடோலி, வேற மாவட்டம். அப்பத்தான் எனக்கு அந்தக் கோட்டித்தனம் தோணிச்சு. பெட்டிக்கு வாங்கினவ வீட்டச் சொல்லாம புதுராம் வீட்டச் சொன்னா? உடைஞ்ச கிணறு, ரெண்டு பலா, திருப்பி அனுப்பாத அம்மா. அந்த ஊருல அந்த வீடு இருந்தா பெட்டி பாத்துட்டு அமைதியாயிரும், இல்லாட்டி ஆடும். ஆடுதா இல்லையான்னு எங்களுக்குத் தெரியணும்னா, பெட்டி திரும்பி வரணும்.

"திரும்பி வரணும்னா என்னட்டி செய்வ?"ன்னு ஜெபக்கனி கேட்டா.

"ரெண்டு இடது கால் செருப்ப வச்சு அனுப்புவேன். எவ வச்சுக்கிடுவா?"

அவ வாயில இருந்த சோத்த முழுங்கிட்டு என்னப் பாத்தா. "ஜோடி பாக்குறதுக்குத்தான் நம்மளுக்குச் சம்பளம். ரிட்டன் கூடிச்சுன்னா கோவர்த்தனன் உன் சீட்டக் கிழிச்சிருவான், தெரியுமா?"

"தெரியும்."

"ஊரு கெடச்சா அவன் போயிருவான். அதும் தெரியுமா?"

நான் தூக்குவாளியக் கழுவப் போயிட்டேன்.

கார்த்திகையிலேருந்து மாசி வரைக்கும் பதினொரு மகுவாடோலி வந்துது. பதினொண்ணுக்கும் ரெண்டு ரெண்டு இடது கால் வச்சேன், பதினொண்ணுக்கும் வாய வச்சு அதே வீட்டச் சொன்னேன், மிஞ்சின வலது காலையெல்லாம் ஜோடி ஜோடியா என் லாக்கர்ல போட்டுப் பூட்டினேன். புதுராமுக்கும் விஷயத்தச் சொல்லிட்டேன். அவன் அன்னைக்கு முழுக்க என் மேசையச் சுத்திச் சுத்தி நடந்தான்.

போன பெட்டிக ஒண்ணொண்ணாத் திரும்பி வந்துது. ரிட்டன் லாரி பின்னாடி தொறக்குறப்பவே உள்ள டக்கு டக்குன்னு சத்தம் கேக்கும். புதுராம் ஓடி வந்து பெட்டி மேல உள்ளங்கைய வைப்பான், ஆடும், "இது இல்ல மேடம்"னு சொல்லிட்டுத் திரும்பிருவான். அவன் முதுகப் பாக்குறப்ப எனக்குப் பாவமா இருக்கும். அதே நேரம் சத்தியமாச் சொல்லுதேன், எனக்குச் சந்தோசமாவும் இருக்கும். அப்பாடா, இன்னும் கொஞ்ச நாளு இங்கனதான் கெடப்பான்னு இருக்கும். இப்படி ஒரு மனுசி இருப்பாளான்னு நீங்க நெனைக்கலாம். இருந்தேன்.

பத்து பெட்டி ஆடிக்கிட்டே திரும்பி வந்துது. பதினொண்ணாவது வரல. போய்ச் சேந்துட்டுதுன்னு கம்ப்யூட்டர்ல பச்சை விழுந்துது. ஒரு வாரம் பாத்தேன், பத்து நாள் பாத்தேன். லாரி ஒவ்வொண்ணா எட்டிப் பாத்தேன். பதினோராம் நாள், திருப்பி அனுப்புற காலம் முடிஞ்சுதுன்னு அந்த வரிக்கு நேர காட்டிச்சு. ரெண்டு இடது கால் செருப்ப, ரெண்டும் ஒரே காலுக்கானத, ஒரு வீடு திருப்பி அனுப்பாம வச்சுக்கிட்டுது. ஏன் வச்சுக்கிட்டுதுன்னு வேற யாரு கேட்டாலும் கேக்கட்டும், எனக்குக் கேக்க வேண்டியிருக்கல. வாசலுக்கு வந்தத அந்த அம்மா அனுப்பாது.

புதுராம் வந்து, "பதினொண்ணு வரல, மேடம்?"ன்னு கேட்டான்.

"லேட்டாகும்"னேன்.

நாலு நாள் அதையே சொன்னேன். அந்த நாலு நாளும் எந்தப் பெட்டியும் என் பேச்சக் கேக்கல. விலாசத்தப் பாத்து வீட்டச் சொல்லுதேன், வாய் ஓடுது, படி சொல்லுதேன், நாய் சொல்லுதேன், பெட்டி என் மூஞ்சிக்கு நேர டக்கு டக்குன்னு ஆடுது. என் மேசையில ஆடினதப் பாத்து ஜெபக்கனி மேசையில அடங்கிக் கெடந்ததும் ஆடிச்சு. மூணாம் நாள் மூணாவது ரேக்கே ஆடிச்சு, நாலாம் நாள் ஸ்கூல் பை கம்பெனியோட தண்ணி பாட்டில் ஒரு அடுக்கு முழுக்கச் சரிஞ்சு தரையெல்லாம் உருண்டு ஓடிச்சு. லாரி ரோட்டுல வரிசையா நின்னு ஹாரன் அடிச்சுது. பொய் சொல்லுற வாய எப்படித்தான் கண்டுபிடிச்சுதோ சவங்க.

கோவர்த்தனன் சாரு வேலைய நிப்பாட்டிட்டு, ஸ்டாக்க எண்ணச் சொல்லிட்டாரு. எண்ணினா செருப்புல உதைக்குது. லாக்கரத் தொறக்கச் சொன்னாரு. பதினொரு ஜோடி வலது கால் செருப்பு என் மாத்துச் சேலைக்கு மேல அடுக்கியிருந்துச்சு. அத எல்லாரு முன்னாடியும் மேசையில பரப்பினாரு. மத்த பொம்பளைக எல்லாரும் நின்னாளுவ, லோடுக்காரங்க நின்னாங்க, புதுராம் தள்ளுவண்டிய விட்டுட்டு ஒரு காலு மாத்தி ஒரு காலு வச்சுக்கிட்டு நின்னான்.

"என்ன பிரம்மசக்தி இது?" சாரு ஒரு செருப்பத் தூக்கிக் காட்டினாரு. "பதினொண்ணு தப்பா அனுப்பியிருக்க. பத்துதான் திரும்பி வந்திருக்கு. இன்னொண்ணு எங்க? சொல்லு. போலீசுக்குப் போகவா?"

என் வாய் அவருக்குப் பதில் சொல்லத்தான் தொறந்துச்சு. ஆனா சொன்னது புதுராமுகிட்ட.

"உன் ஊரு கெடச்சிட்டுடே. நாலு நாள் ஆச்சு. நான்தான் மறைச்சுட்டேன்."

 ரேக்கு ஆடிக்கிட்டே இருந்துச்சு. புதுராம் என்னப் பாத்தான். ஏசுவான்னு நெனச்சேன், ஏசியிருந்தா நல்லாருந்திருக்கும். "ஏன் மேடம்?"னான்.

"நீ போயிருவன்னுதான், வேற எதுக்கு?" அப்படின்னு கத்தினேன். கத்திட்டு முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டு அழுதேன், அத்தன பேரு முன்னாடி, மேனேஜரு முன்னாடி, நாப்பத்தி நாலு வயசுப் பொம்பளை. வெக்கமா இருந்துச்சு. அழுது முடிச்சதும் வெக்கமும் போயிட்டுது. ஜெபக்கனி அந்தப் பதினொண்ணாவது விலாசத்த மிஷின்ல அடிச்சு, ஸ்டிக்கர உரிச்சு என் கையில குடுத்தா. நான் அத அவன் சட்டைப் பைக்கு மேல ஒட்டினேன். எக்கி அவன் காதுல வாய வச்சேன்.

வாய் ஓடிச்சு. "பஸ்ஸ விட்டு இறங்கி ஒரு மைல் நடக்கணும். செம்மண்ணு. கிணத்த இன்னும் கட்டல, அதே உடைஞ்ச வாய்தான். பலா ஒண்ணுதான் இருக்கு, ஒண்ணு இடியில போச்சு. உங்கப்பா இல்ல. உனக்குப் பொறவு ஒரு தங்கச்சி பொறந்திருக்கா, அவதான் செருப்பு வாங்கினது. ரெண்டும் இடது காலுன்னு திருப்பி அனுப்பப் போனா, உங்கம்மா விடல. அந்தப் பெட்டிய சாமி படத்துக்குக் கீழ வச்சிருக்கா. கண்ணு சரியாத் தெரியல அவளுக்கு. வாசல்ல யாரு நின்னாலும் உள்ள வான்னுதான் சொல்லுவா. நீ பேரச் சொல்லு."

புதுராம் நின்னுட்டான். தோள் நின்னுச்சு, கை நின்னுச்சு, முழங்கால் நின்னுச்சு. அப்படியே மடங்கி, சிமிண்டுத் தரையில சம்மணம் போட்டு உக்காந்தான். வந்த நாள்லேருந்து அவன் உக்காந்து அன்னைக்குத்தான் பாத்தோம். அவன் உக்காந்ததும் மூணாவது ரேக்கு நின்னுச்சு, பொறவு ரெண்டாவது, பொறவு என் மேசையில இருந்த பெட்டி. கோவர்த்தனன் சாரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுக்கிட்டு, "சரி சரி, லாரிய உள்ள விடுங்க"ன்னாரு.

மறுநாள் காலையில அவன் துணிப்பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்புறப்ப கேட்டுல வாட்ச்மேன் மறிச்சுட்டாரு. விலாசம் ஒட்டின எதுவும் பாஸ் இல்லாம வெளிய போகக் கூடாது, அது குடோன் சட்டம். புதுராம் அந்த ஸ்டிக்கரச் சட்டையிலேருந்து உரிக்க மாட்டேன்னுட்டான். கடைசியில கோவர்த்தனன் சாரே பாஸ் புத்தகத்த எடுத்துட்டு வந்து எழுதினாரு. பொருள்: புதுராம். எண்ணிக்கை: ஒண்ணு. அதுக்குக் கீழ ரெண்டு கட்டம் இருக்கும், திரும்பி வரும், திரும்பி வராதுன்னு. எதையாவது ஒண்ணக் கட்டாயம் டிக் பண்ணணும். சாரு பேனாவ மேல பிடிச்சுக்கிட்டு என்னப் பாத்தாரு.

"வராதுன்னு போடுங்க சார்"னேன்.

அவரு போட்டாரு. புதுராம் பாஸ வாங்கி மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, "வரேன் மேடம்"னான். தமிழ்ல போறவங்க அப்படித்தான் சொல்லணும்னு நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்திருந்தேன். பைபாஸ்ல புழுதியோட புழுதியா அவன் போறத, உப்பளம் வரைக்கும் தெரியும், பாத்துக்கிட்டு நின்னேன்.

வேலைய விட்டு என்னத் தூக்கல. ரெண்டு மாசம் ரிட்டன் மேசைன்னு தண்டனை குடுத்தாரு சாரு, ரெண்டு மாசம் முடிஞ்சும் நான் அங்கேருந்து நகரல. அவன் போன மறுநாள்லேருந்து என் வலது காலு மேசைக்கு அடியில ஆட ஆரம்பிச்சுது. நான் ஆட்டல, அது ஆடிச்சு. சோறு தின்னா ஆடும், படுத்தா ஆடும். ஜெபக்கனி என் காதுல என் வீட்டு விலாசத்தச் சொல்லிப் பாத்தா, திருப்பூர் விலாசத்தச் சொல்லிப் பாத்தா, பங்குச் சாமியாருகிட்டக்கூட கூட்டிட்டுப் போனா. ஒண்ணும் கேக்கல. "உனக்கு எந்த விலாசம்தான்டி வேணும்?"னு அழுதா பாவி. எனக்கே தெரிஞ்சாத்தானே சொல்லுவேன்.

மாசி போயி, சித்திரை, வைகாசி போயி, மறுபடி ஆடிக்காத்து அடிக்கத் தொடங்கிச்சு. ரிட்டன் லாரியில வந்த பெட்டிகள ஒரு நாள் தபால்காரரு கொண்டு வந்து குடுத்த ஒரு பெட்டியோட சேத்து மேசையில இறக்கினாங்க. எல்லாம் டக்கு டக்குன்னு ஆடிச்சு, அது வழக்கம்தான். அந்தத் தபால் பெட்டி மட்டும் ஆடல. எங்க செருப்புப் பெட்டிதான், மேல யாரோ தபாலாபீஸ் ஆளு இங்கிலீஷ்ல எழுதியிருந்தாரு: பிரம்ம மேடம், குடோன், தூத்துக்குடி பைபாஸ். உள்ளங்கைய வச்சுப் பாத்தேன். ஆடல. காத வச்சுப் பாத்தேன். ஆடல. புரட்டினா, அடிப்பக்கம் கோணல் மாணலா, பெருசு பெருசா, அந்த ஒரே ஒரு வரி எழுதியிருந்துச்சு. உடையும் பொருள், கவனமாகக் கையாளவும்.

டேப்பக் கவனமா உரிச்சேன். உள்ள ஒரு செருப்பு. ஒண்ணே ஒண்ணு, இடது காலு. விரல் பதியிற எடத்துல செம்மண்ணு ஒட்டியிருந்துச்சு. இன்னொண்ணு அங்க இருக்கு.

அது ஆடாம வந்திருக்குன்னா, மூடுறதுக்கு முன்னாடி அவன் இடைவெளியில வாய வச்சு அதுக்குச் சொல்லியிருக்கான். தகரக் கூரை, புழுதி, ஒரு மேசை, புளிச்சோறு குடுக்கிற ஒரு பொம்பளைன்னு சொல்லியிருக்கான். அது வந்து என்னப் பாத்திருக்கு.

கோவர்த்தனன் சாரு வந்து எட்டிப் பாத்துட்டு, "என்ன காரணம்னு பதியப் போற?"ன்னு கேட்டாரு. ரிட்டன் ஆனா காரணம் போட்டாகணும். அளவு சரியில்லை, நிறம் சரியில்லை, சேதம், பிடிக்கலை, நாலுதான் இருக்கு. நான் நாலையும் படிச்சுப் பாத்துட்டு ஸ்கேனர ஓரமா வச்சுட்டேன். "இது ரிட்டன் இல்ல சார். இது டெலிவரி"ன்னேன்.

ஜெபக்கனி பக்கத்துல வந்து நின்னா, செருப்பப் பாத்தா, என் மூஞ்சியப் பாத்தா, பொறவு முந்தானையச் சொருகிக்கிட்டுக் குனிஞ்சு மேசைக்கு அடியில பாத்தா.

"ஏட்டி, காலு நின்னுட்டுட்டி"ன்னா.